தகரக் கூரைக்கடியில் வால்வு ரேடியோ

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கும் மரத்தூண்களுக்கும் நடுவே வால்வு ரேடியோவும் கிராமபோனும் கண்ணில் படும். வாங்கியவருக்கு வீட்டுக்குள் இடமில்லை என்றால் அவை போய்ச் சேர்வது கார் ஷெட்டுக்குத்தான். பழைய பிக்சர் டியூப் டி.வி.க்கும், காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிக்கும் அதே கதிதான். சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதிப்பதைப் பார்த்தவர்கள் முதலில் யோசிப்பது ஏ.சி. போடலாமா என்று. வெயிலுக்குப் பயப்படுவதில் பாதியை ஈரத்துக்கு ஒதுக்கினால் பொருள் பிழைக்கும், ஏ.சி.யோ பல நேரம் ஈரத்துக்குத் துணைபோகிறது.

ஈரத்தின் வேலையைப் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து, 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை ஊரார் சிக்ரி என்பார்கள். உலோக அரிமானம் அதன் முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று. கடற்காற்றில் உலோகம் படும் பாட்டைக் கவனிக்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஒரு வரம்பைத் தாண்டினால் போதும், உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அந்த வரம்பு ஏறத்தாழ 60 சதவீதம் என்பதும், அதற்குக் கீழே மிக மெதுவாக நடக்கும் அரிமானம் அதற்கு மேலே வேகமெடுக்கிறது என்பதும் இங்கிலாந்து ஆய்வாளர் வெர்னன் 1920, 30களில் செய்த சோதனைகளில் தெளிவாயின. தூசியும் விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். வால்வு ரேடியோவின் உள்ளே மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இருக்கும். மெழுகின் விரிசல் வழியே காகிதம் ஈரத்தைக் குடிக்க, தடுத்து நிறுத்த வேண்டிய மின்சாரத்தை அது கசியவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஓரிடத்தில் பச்சை பிடித்து அறுந்துபோகும். பிக்சர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டக்கூடியது; ஈரத் தூசி படிந்த இடத்தில் அது படபடவென்று பொறி விட்டுப் பாயும். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளுக்குப் போன ராணுவ ரேடியோக்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் வார்னிஷ் பூச வேண்டி வந்ததும் இந்த ஈரத்தால்தான்.

சூடு ஒன்றுமே செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரின் ஆயுள் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கண்டென்சர் 45 டிகிரியில் அதைப்போல் 16 மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் தாங்க வேண்டும். பெட்டிக்குள் சூடு இன்னும் கூடும், சும்மா கிடந்தாலும் கண்டென்சர் மூப்படையும் என்று தாராளமாகக் கழித்தாலும், வாரம் ஒருமுறை ஓடும் இயந்திரத்துக்கு ஷெட்டின் சூடு உடனடி எமன் இல்லை. அரக்கு இசைத்தட்டு மட்டும் விதிவிலக்கு. அது வளைந்துவிடும், ஷெட்டில் வைக்கவே கூடாது.

ஏ.சி. காற்றை உலர்த்தத்தானே செய்கிறது என்பது அடுத்த மறுப்பு. 24 மணி நேரமும் ஓடினால், கதவு இடுக்கெல்லாம் அடைத்திருந்தால், உண்மைதான். மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தும் ஏ.சி. வேறு கதை. வெளியே 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளி 25 டிகிரி. 22 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்ட இரும்புச் சட்டத்தின் மேல், கதவு திறந்ததும் அந்தக் காற்று பட்டால் அதன் ஈரம் நீராகப் படியும். ஐப்பசி மழைக்காலத்தில் வானம் தெளிந்த இரவுகளில் தகரக் கூரையும் இதைத்தான் செய்கிறது. வானத்துக்குத் தன் சூட்டை இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. பாலிதீன் உறை சொட்டும் நீரைத் தடுக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தையும் வெளியே விடாது. பருத்தித் துணியே மேல்.

செட்டிநாட்டு வீட்டின் உள்ளறைகளை இந்த ஷெட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். உயர்ந்த அடித்தளம், தடித்த சுவர், ஈரத்தை வாங்கி மெல்ல விடும் சுண்ணாம்புப் பூச்சு, வளவு எனப்படும் காற்றோடும் முற்றம். குளிர்ச்சியைவிட, பகலுக்கும் இரவுக்கும் அதிகம் மாறாத நிலையே இங்கே பொருளைக் காக்கிறது. அப்படியானால் அந்த வீடுகளிலிருந்து வந்த பொருள்கள் ஏன் துருவேறி இருக்கின்றன? பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. ஓடு உடைந்து ஒழுகி, காற்று ஓடாமல் அடைந்து கிடக்கும் வீட்டில் எந்தச் சுண்ணாம்பும் காப்பாற்றாது.

ஆகவே இயன்றால் வீட்டுக்குள் ஓர் அறை; இயலாவிட்டால் ஷெட்டில் குளிரூட்டுவதை விட்டு உலர்த்துங்கள். ஈரம் நீக்கும் கருவி உண்டு. அதைவிட மலிவான வழி இளஞ்சூடு. 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 60 சதவீதமாக இறங்கிவிடும், ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமலே. பெட்டிக்குள் மரத்திலும் துணியிலும் படாமல் எரியும் சின்னக் குண்டு பல்பு இதைச் செய்யும், எல்.இ.டி.யில் அந்தச் சூடு கிடைக்காது. சிறிய பெட்டிக்கு சிலிக்கா ஜெல் போதும், நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கி உலர்த்தினால். சிமென்ட் தரையிலிருந்து நான்கு விரல்கடை உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். வீடியோ கேம் பெட்டியின் பார்ட்டிக்கிள் போர்டு அடிப்பக்கம் உப்பாது, கரையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். பழைய பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பல ஆண்டு ஓடாத வால்வு ரேடியோவை நேராக பிளக்கில் செருகாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஏ.சி.க்கு விலை விசாரிக்கும் முன் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரமானி வாங்கி, கார்த்திகை மாத விடியற்காலையில் அது என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.