செக்ஸ்ரன்றும் மாலுமியின் அறிவுரிமையும்

கடற்பயணக் கலையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயின், ஒரு கருவி தோன்றுவது ஒன்று. அதனைக் கையாளும் அறிவு எவரிடம் உள்ளது என்பது பிறிதொன்று. இவ்விரண்டையும் இணைத்து, செக்ஸ்ரன்றைக் கொண்டு கடலில் இடமறியக் கற்கும் முறையை ஈண்டு நோக்குவோம்.

செக்ஸ்ரன்ற் கோணம் அளக்கும் கருவியாகும். 1731இல் ஜோன் ஹட்லி இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய கருவி இதன் முன்னோடி. செக்ஸ்ரன்றின் வில் வட்டத்தின் ஆறிலொரு பங்கு. ஆயினும் ஒளி இரு ஆடிகளில் தெறிப்பதால் 120 பாகை வரை அளக்க முடிகிறது. கற்பவர் அடிவானத்தை நேரே நோக்கியவாறு, அசையும் ஆடியைத் திருப்பிச் சூரியனின் விம்பத்தை அடிவானத்தைத் தொடும்படி இறக்குகிறார். கப்பல் அசையினும் இரு காட்சிகளும் ஒன்றாகவே அசைவதால் அளவீடு கெடுவதில்லை.

நண்பகலிற் சூரியன் அடையும் உச்ச உயரமே முதற்பாடம். கருவியின் வழு, கண்ணின் உயரம், ஒளிமுறிவு, சூரியனின் அரைவிட்டம் ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்து, பெற்ற கோணத்தை 90 பாகையிலிருந்து கழித்தல் வேண்டும். மத்திய கோட்டிலிருந்து அன்று சூரியன் விலகிநிற்கும் அளவை அட்டவணையிற் கண்டு, அதனைக் கூட்டியோ கழித்தோ அகலக்கோட்டைப் பெறலாம். சான்றாக, மார்ச் மாதச் சமவிராக்காலத்தில் அவ்விலக்கம் பூச்சியமாகும் வேளை, பருத்தித்துறைக் கடலில் சூரியன் தெற்கே 80 பாகை 11 கலை உயரத்தில் நிற்பின், அகலக்கோடு வடக்கு 9 பாகை 49 கலையாகும். ஒரு கலை ஒரு கடல்மைலுக்குச் சமம்.

இக்காலத்திற் சூரிய விலக்கம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 கலை மாறுகின்றது. எனவே, அட்டவணையில் ஒருநாட் பிழை நேரின், செம்மையாக அளந்தவரும் இருபதுக்கு மேற்பட்ட கடல்மைல் வழிதவறுவார். இது வெறும் கற்பனையன்று. பரவலாக வழங்கிய ஜோன் ஹமில்ற்றன் மூரின் கைந்நூல் 1800ஐ நெட்டாண்டாகக் கணித்திருந்தது. அது நெட்டாண்டன்று.

இத்தகைய பிழைகளை ஆயிரக்கணக்கில் திருத்தியவர் நதானியேல் பௌடிச். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலச் சேலம் துறைமுகத்தில் 1773இற் பிறந்த இவர், பத்து வயதிற் பள்ளியை விட்டுத் தந்தையின் பீப்பாய்த் தொழிலில் ஈடுபட்டவர். நியூற்றனைப் பயிலத் தாமே இலத்தீன் கற்றவர். 1802இல் இவரது கைந்நூல் வெளிவந்தது. கப்பலிற் சாதாரண மாலுமிகளுக்கும் கணிப்புமுறையைக் கற்பித்தார். அவர்களுக்கு விளக்க இயலாத எதனையும் நூலிற் சேர்ப்பதில்லை என உறுதிபூண்டார் என்பர். சேலம் வணிகருக்குக் கப்பல்கள் பத்திரமாக மீள்வது இலாபமே. எனினும், மேலோர் சிலரிடம் முடங்கிக்கிடந்த கணிதம் உழைக்கும் மாலுமியின் கைக்கு வந்தமை அவ்விலாபக் கணக்கினும் பெரிது என்பதை நாம் மறுக்கவியலாது.

செய்மதிவழி இடமறிதல் பரவியபின் இக்கல்வி தேவையற்றதெனப் பலர் கருதினர். அனாப்பொலிசிலுள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகமும் 1990களின் இறுதியில் இப்பயிற்சியைக் கைவிட்டது. ஆயின், செய்மதிச் சைகைகள் தாக்குதலுக்குள்ளாகலாம் என்ற அச்சத்தால் 2015இல் அதனை மீண்டும் தொடங்கியது. செய்மதிகள் அரசுகளின் கட்டுப்பாட்டிலுள்ளவை, சூரியன் அவ்வாறன்று. எனினும், சூரியனை இடமாக மாற்றுவதற்குப் பிழையற்ற அட்டவணையும் அதனைப் பயன்படுத்தக் கற்ற மனிதரும் வேண்டும். இவ்விரண்டும் சமூக உழைப்பினால் விளைபவை. ஆதலின் அவை சமூகத்தின் பொதுவுடைமையாக இருத்தலே முறை.