செகண்டு ஏன் 'இரண்டாவது'?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. 'செகண்டு' என்றால் இரண்டாவது என்று பொருள். கடிகாரத்தின் மெல்லிய முள் காட்டும் நேர அளவுக்கும் அதே பெயர்தான். இவ்விரண்டிற்கும் என்ன உறவு? அது இரண்டாவது என்றால், முதலாவது எது?

விடை காண நாம் பழங்காலக் கணக்கியலுக்குச் செல்ல வேண்டும். பாபிலோனியர் 60ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணினர். 2, 3, 4, 5, 6, 10, 12 ஆகிய எண்கள் யாவும் 60ஐ மீதியின்றி வகுக்கும். பின்னங்களைக் கையாள இது பெரும் வசதி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலார் தாலமி, வட்டத்தின் ஒவ்வொரு பாகையையும் 60 கூறுகளாகவும், ஒவ்வொரு கூறையும் மீண்டும் 60 கூறுகளாகவும் பகுத்தார். லத்தீன் மொழியில் முதற் பகுப்புக்கு 'பார்ஸ் மினுட்டா பிரிமா', அதாவது 'முதல் சிறு கூறு' என்று பெயர். அடுத்தது 'பார்ஸ் மினுட்டா செகுண்டா', அதாவது 'இரண்டாம் சிறு கூறு'. நீண்ட பெயர்கள் நாளடைவில் தேய்ந்தன. முன்னதில் 'சிறு' என்ற சொல் மட்டும் எஞ்சி 'மினிட்' ஆயிற்று. பின்னதில் 'இரண்டாம்' என்பது மட்டும் எஞ்சி 'செகண்டு' ஆயிற்று. ஆகவே நாம் தேடிய முதலாவது, நிமிடமே!

கோணத்திற்கு ஏற்பட்ட இப்பகுப்பு பின்னர் மணிக்கும் பொருந்தியது. 1267இல் ரோஜர் பேக்கன் பௌர்ணமி நேரங்களைக் கணக்கிட்டபோது செகண்டுக்கும் கீழே மூன்றாம், நான்காம் கூறுகள் வரை சென்றார். ஆனால் அவையெல்லாம் ஏட்டுக் கணக்குகளே. 1656இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான் செகண்டை நம்பகமாக அளக்க வழி பிறந்தது.

நம் முன்னோரும் 60ஆல் பகுத்தனர். ஆனால் அவர்கள் பகுத்தது நாளை. நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 60 விநாடி. அதன்படி ஒரு விநாடி இன்றைய 24 செகண்டுகளுக்குச் சமம். இன்று நாம் செகண்டையே விநாடி என்கிறோம். சொல் அதுவே, அளவு மாறிவிட்டது.

செகண்டின் அளவைக்கும் மாற்றம் நேர்ந்தது. முன்பு அது சராசரி நாளின் 86,400இல் ஒரு பங்கு. ஆனால் புவியின் சுழற்சி சீரானதன்று. சந்திரனால் எழும் கடல் ஓதங்களின் உராய்வு அதை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. எனவே 1967இல் சீசியம் அணுவைத் துணைக்கு அழைத்தனர். அவ்வணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் நேரமே இன்று ஒரு செகண்டு.

இத்தனை நுட்பம் எதற்கு? செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலை நம்மை அடைய ஆகும் நேரத்தைக் கொண்டே கைபேசி நம் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அந்த நேரத்தில் செகண்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை வரும். அவசர ஊர்தி வேறு தெருவுக்குப் போய்விட அது போதாதா?