உங்களுக்குத் தெரியுமா? ஏணியும் தாய்மாமனும்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளில் வெல்டிங் ரோபோவைச் சுற்றி வேலி இருக்கும். வேலிக் கதவு மூடியிருக்க வேண்டும், அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்படாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் ரோபோவின் கை அசையும். இதைச் சரிபார்ப்பது பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி. அதற்கு எழுதும் புரோகிராம் ஏணி போலவே இருக்கும். நிபந்தனைகளை ஒரே படியில் அடுத்தடுத்து வைத்தால் ‘இதுவும் அதுவும்’, கிளை பிரித்தால் ‘இதுவோ அதுவோ’. மெயின்டனன்ஸ்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இந்த ஏணி புரோகிராமுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று, விதிகளை வைத்தே இயங்கும் புரோலாக் என்ற கணினி மொழியைச் சொல்லலாம். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் அலைன் கோல்மெரோர் குழுவிடம் பிறந்தது. இதில் ‘எப்படிச் செய்’ என்று உத்தரவு போடுவதில்லை. ‘மூன்றாம் மோட்டார் சூடு’ என்பது தகவல். ‘சூடான மோட்டார் நிற்கும்’ என்பது விதி. ‘எது நிற்கும்?’ என்று கேட்டால் விடையை அதுவே தேடும்; ஒரு வழி முட்டினால் பின்வாங்கி அடுத்த வழியில் போகும். 2011-இல் அமெரிக்க வினாடி வினாவில் வென்ற ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் கணினி, கேள்வி வாக்கியங்களை அலச இதையும் பயன்படுத்தியது.

புரோலாக்கைக் கற்றுக்கொள்ள எஸ்.டபிள்யு.ஐ. புரோலாக் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாடம் பெரும்பாலும் உறவுமுறைதான். ஆங்கிலப் புத்தகத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். நமக்கோ சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று ஆளுக்கொரு விதி. ‘அம்மாவின் உடன்பிறந்தவர், ஆண்’: தாய்மாமன் ஒரே வரியில் வந்துவிடுவார். சித்தப்பாவுக்கு வயதையும் சேர்க்க வேண்டும்.