பெயர் கேட்கும் வாயில்

2019ஆம் ஆண்டின் இறுதியில், லினக்சில் கான்குவரர், பால்கன் போன்ற சிற்றுலாவிகளைக் கையாண்டோர் பலர் கூகுள் கணக்கில் நுழைய முடியாமல் நின்றனர். கடவுச்சொல் பிழையன்று, உலாவி பாதுகாப்பற்றதாக இருக்கலாம் என்பதே திரையில் தோன்றிய விளக்கம்.

தடைக்கு அடிப்படை உண்டு. போலிப் பக்கம் ஒன்றில் நாம் தட்டும் கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியெண்ணையும் திருடன் அந்நொடியே உண்மைத் தளத்துக்கு அனுப்பி உள்ளே புகுந்துவிடுகிறான். அவன் தரப்பில் இவ்வேலையைச் செய்வது, மென்பொருளுக்குள் பதிக்கத்தக்க ஓர் உலாவிப் பொறி. எனவே அத்தகைய பொறிகளின் வழியே நுழைவதைத் தடுக்கப்போவதாகக் கூகுள் அவ்வாண்டின் முற்பகுதியிலேயே அறிவித்திருந்தது. நோக்கம் நன்று. ஆயினும், தடைபட்டோர் தம் உலாவி அனுப்பும் அடையாள வரியைப் பயர்பாக்சின் வரியாக மாற்றியதும் கதவு திறந்தது. நேர்மையாளர் சில எழுத்துகளை மாற்றி நுழைய இயலுமெனில், திருடனுக்கு அது எம்மாத்திரம்!

அவ்வரியைச் சற்று உற்று நோக்குவோம். இன்றைய குரோம் உலாவியின் வரி ‘மொசில்லா’ என்றே தொடங்குகிறது. 1990களில் நெட்சுகேப் உலாவியின் அடையாளப் பெயர் அது. அப்பெயர் சொன்னோர்க்கே நல்ல பக்கங்களை வழங்கிகள் அளித்தமையால், பின்வந்த உலாவிகள் பலவும் அதைப் பூண்டுகொண்டன. அதே வரியின் நடுவில் ‘கேஎச்டிஎம்எல்’ என்றொரு சொல் இன்றும் கிடக்கிறது. கேடீயீ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் தன்னார்வலர்கள் கான்குவரருக்காகப் படைத்த பொறியின் பெயர் அது. அதிலிருந்து கிளைத்த பொறியின்மீதே ஆப்பிள் சபாரி உலாவியைக் கட்டி 2003இல் வெளியிட்டது. அக்கிளையிலிருந்தே 2008இல் குரோம் பிறந்தது. வாயிலில் நிறுத்தப்பட்ட கான்குவரர், குரோமின் மூதாதை வீட்டைச் சேர்ந்தது. இவ்வுறவை எண்ணுந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது.

2019 திசம்பரில் விவால்டி உலாவி, தளங்கள் தன்னைத் தடுப்பதைப் பொறுக்கவியலாமல், பெரும்பாலான தளங்களுக்குத் தன் பெயரையே மறைத்துக் குரோமின் வரியை அனுப்பத் தொடங்கியது. தன் பெயரைச் சொல்ல அஞ்சும் நிலைக்கு ஓர் உலாவி தள்ளப்படுமாயின், வலையைத் திறந்த வெளியென எங்ஙனம் அழைப்பது?

திருடனைத் தடுக்கச் செம்மையான வழி வேறு. 2019 மார்ச்சில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெப்ஆத்தன் என்னும் நுழைவுத் தரத்தை ஏற்றது. இதில் பயனரிடமுள்ள கமுக்க விசை தளத்துக்குச் செல்வதேயில்லை; தளம் விடுக்கும் அறைகூவலுக்கு அவ்விசை கையொப்பம் மட்டுமே இடுகிறது. அக்கையொப்பம் தளத்தின் முகவரியோடு பிணைந்தது. முகவரியில் ஓரெழுத்து மாறினாலும் உண்மைத் தளம் அதை ஏற்காது. ஆகவே இடையில் நிற்கும் திருடனுக்குக் கிட்டுவது பயனற்ற எண்கோவை. உலாவி இத்தரத்தைச் செவ்வனே நிறைவேற்றினால் போதும். கையொப்பத்தைச் சரிபார்க்க அதன் பெயர் தேவையில்லை.