பழைய படகு, புது மோட்டார்: முதலில் எடையைக் கேளுங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்கள் ஏரிகளால் ஆன நிலம். 1950களில் கட்டிய 14 அடி மரப்படகுகளும் தொடக்ககால ஃபைபர் படகுகளும் அங்கே இன்றும் கொட்டகைகளில் கிடக்கின்றன. அவற்றை வாங்கி, பழைய பெயின்டைச் சுரண்டி, வார்னிஷ் பூசி, மறுபடி தண்ணீரில் இறக்குவதற்கென்றே ஆர்வலர்கள் இருக்கிறார்கள். மரவேலைக்கு மாதக்கணக்கில் பொறுமை காட்டுகிறவர்கள்கூட மோட்டார் வாங்கப் போகும்போது ‘எத்தனை எச்.பி.?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருவதுண்டு. பழைய படகுக்கு அதைவிட முக்கியமான கேள்வி, ‘எத்தனை கிலோ?’ என்பது.

இதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூடு, 1909இல் மில்வாக்கி நகரில் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மேன் போன்றவர்கள் இதைச் செய்திருந்தாலும், சாதாரண மீன்பிடிப் படகுவரை மோட்டாரைக் கொண்டுசேர்த்ததில் எவின்ரூடுக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய முதல் மோட்டார் ஒன்றரை எச்.பி.; எடை 28 கிலோ. ஒருவர் தனியாகத் தூக்கிப் படகில் மாட்டிவிடலாம். அடுத்த அரை நூற்றாண்டுக்குச் சின்னப் படகுகளெல்லாம் இந்த மாதிரி இலகுவான டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை மனதில் வைத்தே கட்டப்பட்டன.

இன்று நிலைமை வேறு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக். சத்தம் குறைவு, எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு. ஆனால் வால்வு, ஆயில் சம்ப் என்று பாகங்கள் கூடியதால் எடையும் கூடிவிட்டது. தொஹாட்சு நிறுவனத்தின் 9.8 எச்.பி. மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். டூ-ஸ்ட்ரோக்கில் அது 26 கிலோ; ஃபோர்-ஸ்ட்ரோக்கில் 37 கிலோ. கூடுதலான இந்த 11 கிலோவும் படகின் கடைசி முனையில் போய்த் தொங்குகிறது. செல்ஃப் ஸ்டார்ட் வேண்டுமென்றால் பேட்டரியும் சேரும். குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். படகை நிறுத்தும்போது பின்னால் வரும் அலை உள்ளே ஏறிவிடும்.

மணல் மூட்டைச் சோதனை

காசு கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். வாங்க நினைக்கும் மோட்டாரின் எடைக்கு மணல் மூட்டைகளைப் படகில் மோட்டார் மாட்டும் பின்பலகையை ஒட்டி அடுக்குங்கள். எரிபொருள் டேங்க்கை வைத்து, ஓட்டுபவர் இடத்தில் ஒருவரை உட்காரவையுங்கள். பின்பலகையின் மேல்விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அது கவலை தருமளவு குறைந்திருந்தால் டேங்க்கையும் பேட்டரியையும் முன்னால் நகர்த்துங்கள். அதுவும் போதவில்லையென்றால் சிறிய மோட்டார்தான் விடை.

எத்தனை எச்.பி.?

1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் செய்யப்பட்ட 20 அடிக்குக் குறைவான படகுகளில் உச்ச எச்.பி. எவ்வளவு என்று தகடு பதித்திருப்பார்கள். அதற்கு முந்தைய படகில் தகடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கு நமக்கு உதவும். படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்க வேண்டும். நீளம் 14, அகலம் 4 என்றால் 56. கையால் திருப்பும் மோட்டாருக்கு இதை 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழித்தால் 19.8, அதாவது 20 எச்.பி. அடிப்பாகம் தட்டையாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும் படகுக்கு 0.5ஆல் பெருக்கி 15ஐக் கழிக்க வேண்டும். 13 வரும்; அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தி 15 எச்.பி. வரை போகலாம். இது புதுப் படகுக்கான உச்சவரம்பு. அறுபது வயதைத் தாண்டிய மரத்துக்கு இதற்குக் கீழேயே நிற்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. பழைய மோட்டார்களின் எச்.பி.யை எஞ்சினின் கிராங்க்கில் அளந்தார்கள். 1980களிலிருந்து புரொப்பெல்லர் தண்டில் அளக்கிறார்கள். அதனால் பழைய 18 எச்.பி. மோட்டார் இருந்த இடத்தில் புதிய 15 எச்.பி. ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடும்.

பின்பலகை தாங்குமா?

புரொப்பெல்லர் கீழே இருந்து முன்னோக்கித் தள்ளும்போது மோட்டாரைப் பலகையோடு பிடித்திருக்கும் சட்டம் நெம்புகோலாகிறது. பின்பலகையின் கீழ்ப்பகுதி உள்ளே அமுங்கும். மேல்விளிம்பு வெளியே இழுபடும். பிளைவுட் உளுத்திருந்தால் முதலில் தெரியவருவது இங்கேதான். பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. மந்தமாக அமுங்கி ஒலித்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் வடியும் துளை, பழைய போல்ட் துளைகள், கீழ் மூலைகள் ஆகிய இடங்களில் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் மோட்டாரை மறந்துவிட்டுப் பலகையை மாற்றுங்கள்.

மாட்டும்போது

பின்பலகையின் உயரத்தை நடுவில் அளந்து கொள்ளுங்கள். ஏறத்தாழ 15 அங்குலம் என்றால் ஷார்ட் ஷாஃப்ட், 20 என்றால் லாங் ஷாஃப்ட். 1950களின் சின்னப் படகுகளில் பல 15 அங்குலம். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ வர வேண்டும். அதைவிட மேலே போனால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும். எஞ்சின் அலறும், படகு நகராது. மிகவும் கீழே போனால் வேகம் போய்விடும்.

கிளாம்ப் திருகுகளை மட்டும் நம்பாமல் போல்ட் போடுவது நல்லது. மரத்தில் துளைக்கும்போது தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தால் போல்ட் வழியே கசியும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மரைன் சீலன்ட், ஸ்டெயின்லெஸ் போல்ட், உட்புறத்தில் அகலமான வாஷர் அல்லது தகடு, இவற்றோடு மோட்டாரைப் படகோடு பிணைக்கும் சங்கிலியும் அவசியம்.

முதல் ஓட்டம் முடிந்ததும் கிளாம்ப்பை மறுபடி முறுக்குங்கள். முழு வேகத்தில் ஆர்.பி.எம். எவ்வளவு என்றும் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவை எட்டவில்லையென்றால் பிட்ச் குறைவான புரொப்பெல்லர் தேவை. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் அந்த வசதியுள்ள 26 அடிக்குக் குறைவான படகுகளில் இது சட்டம்.

மோட்டார் பழுதானால் வேறு வாங்கலாம். உளுத்துப்போன, தண்ணீர் ஏறிய பழைய படகுக்கு மாற்று கிடைப்பது அரிது. அதனால் கடைக்குப் போகும்போது நான்கு விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பின்பலகையின் உயரம், அதன் அகலம், படகின் நீளம், மணல் மூட்டைச் சோதனையில் படகு தாங்கிய கிலோ. கடைக்காரர் எந்த மோட்டாரைக் காட்டினாலும் அந்தத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.