முதலில் நீர், பிறகு மரம்

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு. 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் அது உயரும் வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆகக் கூடியிருந்தது. கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பினால், எழுப்பிய உயரத்தோடு அது நின்றுவிடும். கடல் உயர உயரத் தானும் உயரும் கரை ஒன்று இயற்கையில் உண்டு. அதுதான் அலையாத்திக் காடு.

ஓதம் ஏறும்போது கலங்கல் நீர் காட்டுக்குள் வருகிறது. சுரபுன்னையின் தாங்கு வேர்களும், வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களும் அந்த நீரின் ஓட்டத்தைத் தணிக்கின்றன. வேகம் குறைந்ததும் வண்டல் அடியில் படிகிறது. உயிர்க்காற்று எட்டாத சேற்றுக்குள் பழைய வேர்கள் எளிதில் மட்குவதில்லை. அவையும் மண்ணோடு மண்ணாகச் சேர்கின்றன. மேலிருந்து வண்டல், கீழிருந்து வேர் என இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தரையை உயர்த்துகின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் காடுகள் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்திலும், காவிரிப் படுகையின் தென்கோடியில் முத்துப்பேட்டையிலும் பரந்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை இங்கே முறை வைத்துக் காடு வெட்டினார்கள். ஒரு துண்டை முழுவதுமாக வெட்டுவது, அது தானே தழைக்கும் என்று விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவது என்பதே அந்த முறை. ஆனால் வெட்டிய இடம் தழைக்கவில்லை.

நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த மண் இறுகித் தாழ்ந்து நடுவே குழிந்தது. பெரிய ஓதம் வரும்போது குழிக்குள் புகுந்த கடல்நீர், ஓதம் வற்றியபோது வெளியேற வழியில்லாமல் தங்கியது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்யும் வேலையை அங்கே வெயிலும் குழியும் தாமாகவே செய்தன. உப்பைத் தாங்கும் வெண்கண்டலே முளைக்க முடியாத அளவுக்கு மண் உவர்ந்துபோனது.

இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை நாற்று நட்டாலும் பிழைக்காது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் இந்தக் காரணத்தைக் கண்டறிந்தன. மரத்தை விட்டு முதலில் நீரைக் கவனித்தன. அப்படி உருவானதுதான் மீன்முள் வாய்க்கால் முறை.

ஓதம் வந்துபோகும் கழியிலிருந்து வெட்டவெளியின் நடுவே ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டுவார்கள். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் பிரியும். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்கமுள்ளும் போலத் தெரிவதால் இந்தப் பெயர். கரை சரியாமல் இருக்க, வாய்க்காலின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். நாள்தோறும் ஏறும் நீர் கிளைகள் வழியே பரவுகிறது. இறங்கும்போது மண்ணின் உப்பைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. உவர் தணிந்த பிறகே நடவு. ஓதம் நனைக்க வேண்டும், மூழ்கடித்துவிடக் கூடாது. அதற்கேற்ற உயரம் பார்த்து வாய்க்கால் சரிவில் விதைகளை ஊன்றுகிறார்கள்.

காட்டை நம்பி வாழும் கிராம மக்களும் இதில் பங்கேற்றார்கள். வெறுமையாகக் கிடந்த இடங்களில் காடு மீண்டது செயற்கைக்கோள் படங்களில் பதிவானது. ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும் இந்த முறை சென்றது. 2004 சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னால் சேதம் குறைந்திருந்ததைக் காட்டியது. 2022-இல் பிச்சாவரம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடிவதில்லை. வண்டல் படிந்து தூர்ந்துவிட்டால் பழைய கதை திரும்பும். எனவே அவ்வப்போது தூர் வார வேண்டும். காட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கடந்த 10,000 ஆண்டு மண்படிவுகளைப் படித்த அறிவியலாளர்கள், கடல் ஆண்டுக்கு 6 அல்லது 7 மி.மீ.க்கு மேல் உயர்ந்தால் அலையாத்திக் காடுகளால் ஈடுகொடுக்க முடியாது என்று எச்சரித்திருக்கிறார்கள். தரை உயர வண்டல் வேண்டும். வண்டல் ஆற்றோடு வர வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து காவிரியின் வண்டலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. கடல் முன்னேறும்போது காடு நிலத்தை நோக்கிப் பின்வாங்கவும் இடம் வேண்டும். அங்கே சாலையும் இறால் பண்ணையும் வழிமறித்து நின்றால், கடலுக்கும் கரைக்கும் நடுவே காடு நசுங்கிப்போகும்.

ஆகவே, உங்கள் ஊர்க் கடற்கரையில் நாற்று நடும் விழா நடந்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இங்கே ஓதம் வந்து, தேங்காமல் திரும்புகிறதா? நாளை இந்தக் காடு பின்வாங்க நிலம் இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்கும் வரை, செய்ய வேண்டிய வேலை நடவு அல்ல. நீருக்கும் காட்டுக்கும் வழிவிடுவதுதான்.