கூரை வெப்பத்தடுப்புப் பணியும் பிற வீட்டுப் பணிகளும்

கூரை வெப்பத்தடுப்பு என்பது வெயிலில் காயும் கூரையிலிருந்து அறைக்குள் இறங்கும் வெப்பத்தைக் குறைப்பதற்காக, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளைக் கூரையின் மேலோ அடியிலோ அமைக்கும் வேலை ஆகும். குளிர்நாடுகளில் சரிந்த கூரைக்குக் கீழுள்ள பரணில் இதைச் செய்வார்கள். வீட்டுச் சூடு வெளியேறாமல் காப்பது அங்கே நோக்கம். தமிழ்க் கரையோரத்தில் நோக்கம் தலைகீழானது. கொத்தனார், நீர்க்கசிவுத் தடுப்பாளர், எலக்ட்ரீசியன், பிளம்பர், சூரியத் தகடு பொருத்துபவர், பெயிண்டர் என்று பலர் அதே கூரையில் கைவைப்பதால், யார் முன், யார் பின் என்ற வரிசையே இவ்வேலையின் பயனைத் தீர்மானிக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்திலுள்ள நெரவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

காலமும் காற்றும்

நெரவி காரைக்கால் நகருக்குத் தெற்கே, கடலுக்கு அருகில் உள்ளது. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. எனவே மொட்டைமாடியைக் கொத்தித் திறக்கும் எந்த வேலையும் பொங்கலுக்குப் பின் தொடங்கி செப்டம்பருக்குள் மூடப்பட வேண்டும். வெயில் உறைக்கத் தொடங்கிய பிறகே வெப்பத்தடுப்பு நினைவுக்கு வருகிறது என்பது வேறு விஷயம். மே மாதத்தில் ஆள் தேடத் தொடங்கும் வீட்டில் கடைசி வேலைக்காரர் இறங்குவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.

உப்புக்காற்று இன்னொரு காரணி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுகிறது. அத்தகைய கூரையின் மேல் வெப்பத்தடுப்பை மட்டும் போடுவது வீண்செலவு. துருவைச் சுரண்டிக் கம்பியைச் சீர்செய்யும் வேலைதான் முதலில் நடக்க வேண்டும்.

எவ்வளவு தடுப்பு போதும்

2018-இல் இந்திய அரசு வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்பு ஆற்றல் நெறிமுறை, கூரையின் வெப்பக் கடத்தளவு 1.2-ஐ மீறக்கூடாது என்கிறது. கூரையின் இரு பக்கமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் செல்கிறது என்பதே இந்த எண். பெரிய மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கான விதி இது என்றாலும் சிறு வீட்டுக்கும் நல்ல அளவுகோல். 125 மி.மீ. வெறும் கான்கிரீட் தளத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3.4 வருகிறது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துத் தட்டி இறுக்கும் மரபான செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தை 75 மி.மீ. போட்டு மேலே தட்டோடு பதித்தாலும் 2.5 அளவுக்குத்தான் இறங்கும். ஆனால் 25 மி.மீ. நுரைப்பலகை ஒன்றைச் சேர்த்தாலே 1-க்குக் கீழே போய்விடுகிறது. சுண்ணாம்புத் தளம் நீர் வாட்டத்துக்கும் கசிவைத் தடுக்கவும் நல்லது. வெப்பத்துக்கு அது மட்டும் போதாது. அதன் எடையும் சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுத்தளம் போடுவதாகக் கொத்தனார் சொன்னால், கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும்.

மொட்டைமாடியில் வேலை வரிசை

கூரையைத் துளைக்கும் வேலைகள் அனைத்தும் மூடும் வேலைகளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தொட்டிக் குழாய், மழைநீர்க் குழாய், குளிர்சாதனக் கருவியின் செப்புக் குழாய், டிஷ் ஆன்டெனாவின் கம்பி, மின்குழல் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். பிறகு கொத்தனார் வாட்டம் அமைப்பார். அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு வரும். பூச்சு காய்ந்ததும் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாளாவது தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். அடியில் ஈரம் தெரியாவிட்டால்தான் பலகை விரித்து, மேலே காப்புத்தளமும் வெள்ளை ஓடும் பதிக்கலாம். பூச்சுக்கு மேலே வரும் பலகை நீரை உறிஞ்சாத வகையாக இருக்க வேண்டும். பாறைக்கம்பளி அந்த இடத்துக்கு ஒவ்வாது, ஏனெனில் நனைந்தால் அதன் தடுப்புத்திறன் பெரிதும் குறைந்துவிடும். அறைக்குள் பெயிண்ட் அடிப்பதும் ஃபால்ஸ் சீலிங் அமைப்பதும் இதற்கெல்லாம் பிறகுதான்.

இந்த வரிசையை இப்போது அதிகம் குலைப்பது சூரியத் தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ. 78,000 வரை மானியம் கிடைப்பதால் பலர் அதை நாடுகிறார்கள். தகடு பொருத்துபவர் கடைசியாக வந்து, பதித்த ஓட்டின் மேலேயே துளையிட்டுத் தாங்குகால்களை முடுக்கினால், ஒவ்வொரு துளையும் பூச்சைக் கிழிக்கும். தகடு இந்த ஆண்டு வாங்காவிட்டாலும், கால்கள் நிற்கும் இடங்களில் கான்கிரீட் மேடைகளை முன்கூட்டியே எழுப்பி, பூச்சை அவற்றின் பக்கவாட்டிலும் ஏற்றிவிடுவது நல்லது. துளையே இல்லாமல் வெறும் எடைக்கல் வைத்து நிறுத்துவதற்கு இந்தக் கரையில் தயங்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா போன்ற புயலில் காற்று தகட்டை மேல்நோக்கித் தூக்கும். எடையைப் பொறியாளர் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டு வீடுகள்

பரண் வெப்பத்தடுப்பு என்று வெளிநாட்டார் சொல்வதற்கு நெருக்கமானது ஓட்டு வீட்டில்தான் உண்டு. இங்கே தச்சர் முதலில் ஏற வேண்டும்: கரையான் அரித்த சட்டங்களை மாற்றி, உடைந்த ஓடுகளை நீக்க வேண்டும். அடுத்து எலக்ட்ரீசியன். பழைய மின்கம்பியின் மேல் கம்பளியைப் போர்த்தினால் கம்பியின் சூடு வெளியேறாது. உட்கூரையில் புதைத்த விளக்குகளை மூடினால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. ஓட்டுக்கும் தடுப்புக்கும் இடையே காற்று ஓட வழி விட்டு, அந்த வழியை எலியும் வௌவாலும் நுழையாதபடி வலையால் மூட வேண்டும்.

பொறுப்பும் பணமும்

கூரை ஒழுகினால் பிளம்பர் கொத்தனாரைக் காட்டுவார், கொத்தனார் தகடு பொருத்தியவரைக் காட்டுவார். வேறொருவர் துளையிட்டால் தன் உத்தரவாதம் செல்லாது என்று பூச்சு வேலை செய்தவரும் கையை விரிப்பார். ஒரே மேஸ்திரியிடம் முழு வேலையையும் ஒப்படைக்க முடியாத வீட்டில், ஒவ்வொருவர் வேலை முடிந்த நாளையும் எழுதி, அடுத்தவர் தொடங்குமுன் இருவரும் கையெழுத்திடச் செய்யலாம். மூடப்போகும் குழாய்களையும் கம்பிகளையும் அளவு நாடா வைத்துப் படமெடுத்துக்கொள்வது பின்னாளில் உதவும். தண்ணீர் தேக்கும் சோதனையை ஓடு பதித்த பிறகும் ஒருமுறை செய்ய வேண்டும். கூலியில் ஒரு பங்கை முதல் பருவமழை முடிந்து தருவதாகத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் நிறுத்திவைத்தால் அது சண்டையில்தான் முடியும்.